எடுப்பும் தோதும்: நக வடிவங்களை வாசித்தல்

சித்தி மகளின் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது திருநெல்வேலியில் ஓர் அழகு நிலையத்துக்குப் போயிருந்தோம். மணப்பெண், சித்தி, நான். சுவரில் ஓர் அட்டை. வரிசையாக விரல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நக வடிவம், கீழே பெயர். வட்டம், சதுரம், ஓவல், சதுரத்தின் மூலையை மழுக்கி ஓவலோடு சேர்த்த 'ஸ்குவோவல்', பாதாம், சவப்பெட்டி (நாசூக்குக்காரர்கள் பாலேரினா என்கிறார்கள்), குத்துக்கத்தியின் பெயர் தாங்கிய ஸ்டிலெட்டோ. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி அறிவுரை. "எந்த ஷேப் வேணும்க்கா?" என்று அங்கே வேலை பார்க்கும் பெண் கேட்டாள். மணப்பெண் என்னைப் பார்த்தாள். தமிழ் எம்.ஏ. படித்தவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு நம்பிக்கை. நான் அட்டையைப் படிக்க ஆரம்பித்தேன். எதைக் கண்டாலும் பிரதியாகப் படிப்பது பழகிப்போன தோஷம்.

அட்டை சொன்னது இவ்வளவுதான். குட்டை விரல், அகன்ற நகம் என்றால் ஓவலோ பாதாமோ வைத்துக்கொள், விரலை நீட்டிக் காட்டும். அகன்ற நகத்தில் சதுரம் வெட்டினால் இன்னும் அகலமாகத் தெரியும். மெலிந்து நீண்ட விரலுக்குச் சதுரம் எடுப்பாக இருக்கும். எதுவும் முடிவு செய்ய முடியாவிட்டால், நகத்தின் அடியில் தோல் எப்படி வளைந்திருக்கிறதோ அதே வளைவை நுனியிலும் கொண்டுவா. கைவேலை அதிகம் என்றால் குட்டையாக, வட்டமாக. பெண்கள் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கங்கள் காலங்காலமாக ஓதிவருவதும் இதையேதான்.

இதில் பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுடைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, இருக்கிற உண்மையையும் சேர்த்து உடைத்துப்போடுவது நம்மவர்களிடம் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. நகம் ஒரு கெரட்டின் தகடு. இரண்டு பக்கமும் தோல் மடிப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சதுர வெட்டு பக்க ஓரங்களை நேராக மேலே கொண்டுபோகிறது, அதனால் பலம். ஆனால் மூலை இரண்டும் துணியில் சிக்கும், தலைமுடியில் சிக்கும், சிக்கிய இடத்தில் பிளக்கும். ஸ்டிலெட்டோவுக்காக இரண்டு பக்கமும் அராவி எடுத்துவிட்டால் தாங்குகிற ஓரமே போய்விடுகிறது. சொந்த நகத்தில் அது நிற்பது கஷ்டம், அக்ரிலிக் ஒட்டினால்தான் உண்டு. வட்டத்தில் மூலை கிடையாது, சிக்குவதற்கு எதுவும் இல்லை. நீளம் கூடக்கூட நகம் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். நுனியில் படுகிற இடி, அடியில் தகட்டைச் சதையிலிருந்து கிளப்பும். ஆகவே பெரும்பாலான கைகளுக்கு, விரல்நுனியை ஒட்டிய நீளத்தில், அடித்தோலின் வளைவைப் பின்பற்றிய வட்டமோ ஓவலோ சரிதான். ஒரே திசையில் அராவ வேண்டும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் அடுக்குப் பிரியும். மணப்பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் ஓவல் கேட்டாள். அவள் விஷயம் அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அந்த அட்டை முழுவதும் இரண்டு சொற்களின்மேல் நிற்கிறது: கைக்கு எடுப்பு, வேலைக்குத் தோது. எடுப்பு என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு பார்வையாளர் இருக்கிறார். யார் கண்ணுக்கு எடுப்பு என்பதை அட்டை சொல்லாது, சொல்லத் தேவையும் இல்லை, ஏனென்றால் அந்தக் கண்ணை நாமே உள்ளே வாங்கி வைத்திருக்கிறோம். குட்டை விரல் ஒரு குறை, அதை நீட்டிக் காட்ட வேண்டும் என்பதை யாரும் வாதிட்டு நிறுவவில்லை. அது அறிவுரைக்கு முன்பே முடிந்துபோன தீர்ப்பு. பார்த் 1957இல் 'மிதாலஜீஸ்' தொகுப்பில் சோப்புத் தூளையும் மல்யுத்தத்தையும் வைத்துக் காட்டிய வித்தை இதுதான் என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: வரலாறு இயற்கையின் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்பது. இதை நீட்டி எழுதப் போவதில்லை, நிறைய எழுதியாயிற்று. எனக்குச் சிக்கலாக இருப்பது இரண்டாவது சொல். 'தோது' பற்றி நாம் யாரும் யோசித்ததில்லை. எடுப்பைச் சந்தேகிக்கிற இடதுசாரி மனம்கூட, தோது என்றதும் நிம்மதியாகிவிடுகிறது. உழைப்பின் சொல் ஆயிற்றே!

வேலைக்குத் தோது என்று அட்டை சொல்லும்போது அது மனதில் வைத்திருக்கும் வேலைகள் எவை? கணினியில் தட்டுவது. செல்போனைத் தேய்ப்பது. குழந்தைக்கு டயபர் மாற்றுவது. இந்த வேலைகளில் எல்லாம் நகம் ஓர் இடைஞ்சல். எவ்வளவு குறைவாக இடைஞ்சல் செய்கிறதோ அவ்வளவு தோது. அதாவது இந்தச் சொல்லாடலில் நகம் அடிப்படையில் ஓர் ஆபரணம். ஆபரணம் வேலைக்குக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் தோது. நகமே வேலை செய்யும் என்ற சாத்தியம் அட்டையில் எங்கேயும் இல்லை.

இந்தப் பிரிவினை இன்று வந்ததில்லை. காமசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில் நகக்குறிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் வாத்ஸ்யாயனர் நகங்களைத் தேசவாரியாகப் பிரிக்கிறார். கௌட தேசத்தாருடையது, அதாவது இன்றைய வங்காளப் பக்கம், நீண்டவை, கைக்கு அழகு சேர்ப்பவை, பார்த்த மாத்திரத்தில் பெண்கள் மனதைப் பிடிப்பவை. தெற்கத்தியாருடையது குட்டை, செயலைத் தாங்குபவை. மராட்டியருடையது நடுத்தரம், இரண்டு குணமும் உள்ளவை. அங்கே 'செயல்' என்பது படுக்கையறைச் செயல் என்பது வேறு விஷயம். ஆனால் பகுப்பைப் பாருங்கள்: அழகு ஒரு திசைக்கு, உழைக்கும் திறன் இன்னொரு திசைக்கு, நடுவில் ஒரு சமரசம். ஸ்குவோவலின் மூதாதை மராட்டியத்தில் இருந்திருக்கிறார்! தெற்குக்கு வழக்கம்போல வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அங்கே பெண்கள் மனதைப் பிடிப்பது ஆணின் நகம். இன்றைய அட்டையில் ஆண் விரல் ஒன்றுகூட இல்லை. எடுப்பு எப்போது பெண்ணின் பொறுப்பாக மட்டும் மாறிற்று என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

இதற்கு எதிராக வைக்கத் தமிழில் எனக்கு ஒரு பிரதி உண்டு. வகுப்பில் படித்தபோது கேசாதிபாத வருணனை என்று ஒரு பெயர் கொடுத்து ஆசிரியர் தாண்டிப் போய்விட்டார். பொருநராற்றுப்படையில் பாடினியைத் தலைமுடியிலிருந்து தொடங்கி வருணித்து வருகிறார் முடத்தாமக்கண்ணியார். விரலுக்குக் காந்தள். அடுத்து நகம்: கிளியின் அலகு போன்றது, ஒளி விடுவது, கூர்மையானது. இன்றைய அட்டையில் வைத்தால் பாதாமுக்கும் ஸ்டிலெட்டோவுக்கும் நடுவில் எங்காவது வரும். அலங்காரப் பிரதி என்றால் இப்படியே கால்வரை போய் முடித்திருக்கலாம். ஆனால் பாதத்துக்கு வரும்போது உவமை சட்டென்று மாறிவிடுகிறது. ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போன்ற பாதம். அரக்கை உருக்கியது போன்ற செந்நிலத்தில் நடந்து, பரல் உறுத்தி, மரல் பழுத்ததுபோலக் கொப்புளம் கண்ட பாதம். நகம்வரை கண்ணாடி முன் நின்ற உடல், அடிக்கு வரும்போது சாலையில் நிற்கிறது. பசியோடு ஊர் ஊராக நடக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் அவள். நகத்தை வியக்கும் அதே மூச்சில் கொப்புளத்தையும் சொல்ல முடிந்திருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை மறைக்கவில்லை. பின்னால் வந்த கேசாதிபாதங்களில் இந்தக் கொப்புளத்தைத் தேடினேன். நான் படித்தவற்றில் அகப்படவில்லை.

நீண்ட நகம் என்பது உழைக்காத கையின் சான்றிதழ் என்ற வாதமும் நமக்குப் பழகியதுதான். சீனத்தின் சிங் வம்சத்துப் பேரரசி சிக்ஸியை 1903-04இல் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நகத்தைக் காக்க நீண்ட உறைகள். அந்தக் கைக்கு வேறு கைகள் ஊழியம் செய்தன என்பதை அந்த உறை ஊருக்கெல்லாம் சொல்லும். சரி. ஆனால் உறை போட்ட விரல்கள் எவை என்று பாருங்கள். பிடிக்கவும் எடுக்கவும் வேண்டிய கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் விட்டுவிட்டுத்தான் அதிகாரம் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பேரரசியும் தேநீர்க் கோப்பையைத் தானேதான் பிடிக்க வேண்டும். நம் ஊரில் சுண்டு விரல் நகத்தை மட்டும் வளர்க்கிற ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். காது குடைய என்பார்கள். கேட்டுப் பாருங்கள், களத்துமேட்டில் நிற்கிறவனைவிட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் அது அதிகம் இருக்கும். சின்ன அளவில் அதுவும் ஒரு சிங் வம்சம்.

இந்த வாதத்தை நானும் நம்பியிருந்தேன். நீளம் என்றால் ஓய்வு, குட்டை என்றால் உழைப்பு. இதைக் குலைத்தது சித்தியின் வலது கட்டைவிரல்.

சித்திக்கு ஆலங்குளம் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஊர். பதினாலு வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். மடியில் சொளகு, அதில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகட்டை வைத்து இலையைக் கத்தரிப்பது, தூள் வைத்துச் சுருட்டுவது, பிறகு அகன்ற பக்கத்து வாயை மடக்கி அடைப்பது, நூல் சுற்றுவது. அந்த மடக்குதல்தான் நுணுக்கம். இலையின் விளிம்பை உள்ளே தள்ளித் தள்ளி அடைக்க வேண்டும். சிலர் சின்னக் கம்பி வைத்துக்கொள்வார்கள். சித்திக்கு நகம். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் சதையைத் தாண்டி ஒரு நெல்லின் அகலத்துக்கு விட்டிருப்பாள். நேர்வெட்டு, மூலை மட்டும் லேசாக மழுங்கியது. கூர்மையாக இருந்தால் இலை கிழியும், வட்டமாக இருந்தால் விளிம்பைப் பிடிக்காது, மூலை இருந்தால் நூலில் சிக்கும். அழகு நிலையத்து அட்டையின் மொழியில் சொன்னால் அது சுத்தமான ஸ்குவோவல். எந்த அட்டையையும் பார்க்காமல், இலை வெட்டும் அதே கத்தரியால் அவள் அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். வாய் சரியாக மடங்காத பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அந்த நெல் அகலத்தில்தான் அவளுடைய கூலி இருந்தது.

ஒரு தரம் இதைப் பார்த்துவிட்டால் பிறகு எங்கும் இதுதான் கண்ணில் படுகிறது. பேன் குத்த இரண்டு கட்டைவிரல் நகமும் வேண்டும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரிக்க நகம் வேண்டும். தையல்காரர் மடிப்பை நகத்தால் கீறித்தான் துணிக்குக் கோடு காட்டுகிறார். சுரைக்காய் பிஞ்சா முற்றலா என்று நகம் வைத்துப் பார்த்து, காய்க்காரம்மாவிடம் திட்டு வாங்காத வீடு கிடையாது. வீணைக்காரர்களிலும் நகத்தால் மீட்டுகிறவர்கள் உண்டு. இந்தக் கைகளில் நகம் இடைஞ்சல் இல்லை, ஆயுதம். ஆயுதத்துக்கு நீளமும் விளிம்பும் தேவை. மனிதக் கையை உழைப்புதான் உருவாக்கியது என்ற எங்கெல்ஸின் வாதத்தைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். நகத்தின் வெட்டு வரைக்கும் அதைக் கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் குறைவு.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு ஒரு கூட்டத்தில் நான் கட்டுரை வாசித்தேன். உழைக்கும் பெண்ணுடல் பற்றியது. அதில் சித்தியின் நகம் ஒரு பத்தி. சாயம் பூசிய நகத்துக்கு எதிராக அந்த நகத்தை நிறுத்தியிருந்தேன்: ஒன்று சந்தையின் குறி, மற்றது உழைப்பின் குறி என்கிற மாதிரி. நல்ல கைதட்டல். அன்றைக்கு அதே கூட்டத்தில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் நகத்தில் சிவப்புச் சாயத்தோடு வந்திருந்தாள். தேநீர் இடைவேளையில் மூத்த தோழர் ஒருவர் அவளிடம், "களத்துக்கு வரும்போது இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, என் கட்டுரைதான் அவர் வாயில் அந்தக் கேள்வியை வைத்தது என்பதும் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் கையை மடக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த கூட்டங்களில் அவளைப் பார்க்கவில்லை. சாயம்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கட்டுரை அச்சில் வந்தபோது சித்தி மகள் அதைச் சித்திக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது சித்தி பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, என் நகத்த எழுதுனியே, அதுல வருஷா வருஷம் மருதாணி இருந்துச்சே, அது ஒன் கண்ணுல படலியா?"

பட்டிருக்கிறது. சின்ன வயதில் அவள்தான் எனக்கும் வைத்துவிடுவாள். அரைத்த மருதாணியை விரல்நுனியில் தொப்பி மாதிரி வைத்து விடியவிடியக் காத்திருப்பது. காலையில் சதையும் நகமும் சிவந்திருக்கும். சதையில் பத்து நாளில் போய்விடும், நகத்தில் போகாது. விரல்நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து வெள்ளைப் பிறை மெல்லமெல்ல ஏறும், சிவப்பு நுனியை நோக்கி நகரும். தீபாவளிக்கு வைத்தது பங்குனி உத்திரத்துக்கு ஒரு கோடாக நுனியில் நிற்கும், பிறகு கத்தரிக்குப் போகும். தூள் பட்டுப் பட்டு நகம் பழுப்பேறிக் கிடக்கும். மருதாணி அந்தப் பழுப்பை மூடிவிடும். நகச்சுத்தி வராது என்றும் ஒரு நம்பிக்கை. நகச்சுத்தி வந்த நாட்களில் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் மாட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் சுற்றுவாள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். இவை எல்லாம் எனக்குத் தெரியும். கட்டுரையில் வைக்கவில்லை. உழைப்பின் குறியாக ஒரு நகம் எனக்குத் தேவைப்பட்டது, அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அழகு நிலையத்து அட்டை குட்டை விரலைத் திருத்தியதுபோல நான் சித்தியின் கையைத் திருத்தியிருக்கிறேன். கூட்டத்துக்கு எடுப்பாக இருக்கும்படி.

(அந்தக் கையைப் பற்றி இன்னொன்று. இலை தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோய் ரேஷன் கடை மிஷினில் அவள் விரல் சில சமயம் பதிவதில்லை. ஆனால் தேர்தலில் ஆள்காட்டி விரல் நகத்தின்மேல் இழுக்கும் மை மட்டும் மாசக்கணக்கில் நிற்கிறது. 1962 தேர்தலிலிருந்து போடுகிற மை அது, வெள்ளி நைட்ரேட் கலந்தது. அரசாங்கத்துக்கு அவளை வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியும்.)

உழைக்கும் உடலுக்கு அலங்காரம் ஒவ்வாது என்ற எண்ணம் நம் தோழர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. அமெரிக்காவில் அது நிறத்தோடு கலந்து வரும். ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988இல் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடினார். பெண்களில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அந்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. பத்திரிகைகள் அவர் நகத்தைப் பற்றி எழுதித் தீர்த்தன: அங்குலக்கணக்கில் நீளம், வண்ணம், வேலைப்பாடு. ஓட்டம் தொடங்கும்போது தரையில் ஊன்றி நிற்பது அதே விரல்கள்தான். எந்த அட்டையும் ஓட்டக்காரிக்கு அந்த நகத்தைத் தோது என்று சிபாரிசு செய்திருக்காது. உலகிலேயே வேகமான கால்களை வைத்துக்கொண்டு, கையில் ஓய்வின் சின்னத்தையும் வளர்த்துக்கொள்கிற கறுப்புப் பெண்ணை எந்த அறையில் போடுவது என்று அந்தச் சொல்லாடலுக்குத் தெரியவில்லை. நியூயார்க்கில் கொரியப் பெண்கள் நடத்தும் நக நிலையங்களை ஆராய்ந்து மிலியன் காங் 2010இல் வெளியிட்ட நூல் இந்த இடத்தை இன்னும் தெளிவாக்குகிறது. வசதியான வெள்ளைப் பெண்கள் வருகிற கடையில் கிடைப்பது பணிவிடை, நகம் அடக்கமாக, வெளிர்நிறத்தில். கறுப்பினப் பெண்கள் வருகிற கடையில் நகம் ஒரு ஓவியம், நீளம், துணிச்சல். முதலாவது 'ரசனை' எனப்படுகிறது, இரண்டாவது 'ஆர்ப்பாட்டம்' எனப்படுகிறது. வடிவம் ஒன்றாகவே இருந்தாலும், யார் விரலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

காங் அக்கறை காட்டுவது நகம் வைத்திருப்பவரைவிட அதை வடிவமைக்கும் கையின்மீது. நமக்கு இது புதிதா என்ன? கிராமங்களில் முடி மட்டுமல்ல, நகம் களைவதும் நாவிதர் வேலையாகத்தான் இருந்தது. வீடு வீடாகப் போய், அறுவடையில் தானியமாக வாங்கிக்கொண்டு. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். வெட்டிய நகம் தீட்டு. அதைத் தொட்டவரும் தீட்டு. வெட்டப்பட்டவருக்கு மட்டும் குளித்தால் போய்விடும். ஒருவருடைய கை சுத்தமாவதற்கு இன்னொருவரின் கை நிரந்தரமாக அசுத்தப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டில், வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதைச் செய்து தருபவர் வேறொருவர். குளிரூட்டிய அறையும் வெள்ளைத் துண்டும் வந்த பிறகு இது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நகம் அராவிய பெண் மிசோரத்திலிருந்து வந்தவள். எட்டு வருஷமாகத் தமிழ்நாட்டில். முதலில் சென்னையில் இருந்தாளாம். திருநெல்வேலித் தமிழை என்னைவிடச் சரியாகப் பேசினாள். 2012 ஆகஸ்டில் வதந்தி பரவி, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மக்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறியது நினைவிருக்கும். அவளுடைய அக்கா அப்போது போனவள், திரும்பவில்லை, அந்த இடத்துக்கு இவள் வந்திருக்கிறாள். முகத்தில் துணி முகமூடி. அராவும் தூள், அசிட்டோன் வாடை, பசையின் வாடை. அவள் நகம் பத்தும் ஒட்ட வெட்டியது, சாயம் இல்லை. போட்டால் அசிட்டோன் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும் என்றாள். அட்டையில் இருக்கிற அத்தனை வடிவமும் அவள் கையிலிருந்துதான் வருகிறது, அவள் விரலில் ஒன்றுகூட இல்லை. பார்லர் வேலைக்குத் தோதான நக வடிவம் எது என்று எந்த அறிவுரைப் பக்கத்திலும் நான் படித்ததில்லை.

மணப்பெண்ணுக்கு முடிந்ததும் சித்தியை உட்காரச் சொன்னார்கள். கல்யாணப் பொதியில் தாயாருக்கும் சேர்த்தாம். தனியாகப் போட்டால் எவ்வளவு என்று சித்தி கேட்டாள். சொன்னார்கள். ஆயிரம் பீடிக் கூலிக்கும் மேலே. "அப்ப நல்லாவே போடட்டும்" என்று கையை நீட்டினாள். ஒன்பது விரலை வட்டமாக்கிவிட்டு வலது கட்டைவிரலுக்கு வந்ததும் அந்தப் பெண் நின்றாள். நகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வரம்பு, நுனியில் பழுப்பு. தூக்கிப் பார்த்தாள். "இத மட்டும் ஏன்மா இப்படி வச்சிருக்கீங்க?" சித்தி சொளகு இல்லாத மடியில் கையை வைத்து மடக்கிக் காட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத்தான் அதைப் புரிந்துகொள்ள ஒரு கட்டுரை தேவைப்பட்டது. வடிவத்தைத் தொடாமல் மூலையை மட்டும் ஒரு இழுப்பு இழுத்து, விளிம்பைச் சீராக்கினாள். "கலர்?"

"செவப்பு. பத்துக்கும்."

"பீடி சுத்துனா உரிஞ்சிருமேம்மா."

"திங்கக்கெழமதான இலை எடுக்கணும். அதுவரைக்கும் கெடக்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தியிடம் சொன்னேன், கட்டுரைத் தொகுப்பு வரப்போகிறது, அந்தப் பத்தியை எடுத்துவிடப் போகிறேன் என்று. சாயம் காயாத விரல்களை முன்சீட்டுக் கம்பியில் படாமல் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். "எடுக்க வேண்டாம்ட்டி" என்றாள். "மருதாணியையும் சேத்துப் போடு. அப்புறம் அந்தக் கடையில கழிச்சான் பாரு, அம்பது அறுபதுன்னு, நகம் பொளந்து கெடந்த வாரம். அதையும் எழுதிரு." எந்த வருஷம் என்று கேட்டேன். விரலை மடக்க முடியாததால் மனசுக்குள்ளேயே எண்ண ஆரம்பித்தாள்.